நூற்றறுபது ரூபாய்க்கு எத்தனை இலக்கம்?

அக்கா மகள் மதுரையில் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். இரண்டாம் வருடம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"மாமா, இது தப்புத் தப்பா கணக்குப் போடுது."

சர்வே பிராக்டிக்கலில் ஒரு கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கம்பத்திலிருந்து 40 மீட்டர் தள்ளித் தியோடலைட்டை நிறுத்திப் பார்த்தால், உச்சி 30 டிகிரி ஏற்றத்தில் தெரிகிறது. 40-ஐ டான் 30-ஆல் பெருக்கினால் கருவியின் மட்டத்துக்கு மேலே உள்ள உயரம் வந்துவிடும். கூட இருந்தவர்களுக்கெல்லாம் 23.09 மீட்டர். இவளுக்கு மட்டும் 20.38. ஆசிரியர் கால்குலேட்டரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிளாட்பாரத்தில் 160 ரூபாய்க்கு வாங்கியது. "இதெல்லாம் பொம்மைம்மா. நல்லதா ஒண்ணு வாங்கு. பரீட்சைக்கு இத எடுத்துட்டு வராத" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நல்லது என்றால் இதைப்போலப் பல மடங்கு விலை. அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவள். அவளிடம் கேட்க இவளுக்கு மனசில்லை. என்னிடம் கேட்கவும் வெட்கம். அதனால்தான் கோபம் முழுக்கக் கால்குலேட்டர் மேல் இறங்கியிருந்தது.

வாங்கி, சைன் 30 என்று தட்டினேன். 0.5 வரவேண்டும். 0.4539904997 வந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. திரையின் மேல் ஓரத்தில், கண்ணுக்கு எளிதில் படாத அளவில், 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. கிரேடியன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எல்லாவற்றையும் பத்துப் பத்தாகப் பிரித்தபோது செங்கோணத்தையும் 90-க்குப் பதிலாக 100 பாகமாகப் பிரித்தார்கள். அந்த அளவில் 30 என்பது நம்முடைய 27 டிகிரி. 27 டிகிரிக்கு டான் 0.5095. அதை 40-ஆல் பெருக்கினால் 20.38. கருவி தனக்குச் சொல்லப்பட்ட கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. பையில் கிடந்தபோதோ அவசரத்தில் தட்டும்போதோ 'மோட்' பொத்தான் மாறி அழுந்தியிருக்க வேண்டும். அதை டிகிரிக்கு மாற்றிக் கொடுத்தேன். 23.09 வந்தது.

அவள் முகம் தெளியவில்லை. "சரி மாமா, இது என் தப்பு. ஆனா சார் சொன்னதும் ஒரு வகையில சரிதானே? 160 ரூபாய்க்கு விக்கிற சாமான நம்பிப் பரீட்சை எழுதலாமா?"

நியாயமான கேள்வி. ஒரு தடவை சரியாகச் சொன்னதால் மட்டும் ஒரு கருவியை நம்பிவிட முடியாது. பதில் சொல்ல எனக்கு அன்றைய சாயங்காலம் முழுதும் ஆனது. அதற்கு 50 வருடம் பின்னால் போகவேண்டியிருந்தது.

*

என் தலைமுறையில் பிளஸ் டூ படித்தவர்களுக்குக் கிளார்க்ஸ் டேபிள் ஞாபகம் இருக்கும். மடக்கை, அதாவது லாகரிதம், பார்க்க ஒரு பக்கம், எதிர்மடக்கைக்கு ஒரு பக்கம், சைன் காஸுக்குச் சில பக்கங்கள். எல்லாம் நான்கு இலக்கத் துல்லியம். பொறியியல் படித்தவர்களுக்கு அதற்கும் முன்னால் ஸ்லைடு ரூல் இருந்தது. இரண்டு அளவுகோல்களை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்திப் பெருக்கல் வகுத்தல் செய்யும் கருவி. அதில் கண்ணால் படிக்க முடிவது மூன்று இலக்கம்தான். பாலங்களும் விமானங்களும் அணைகளும் அந்த மூன்று இலக்கத்தில்தான் கணக்கிடப்பட்டன.

1972-இல் ஹ்யூலெட்-பேக்கார்டு நிறுவனம் ஹெச்பி-35 என்ற கருவியை வெளியிட்டது. சைன், காஸ், மடக்கை எல்லாம் போடும் முதல் கையடக்கக் கால்குலேட்டர் அதுதான். பெயரில் உள்ள 35 அதன் பொத்தான்களின் எண்ணிக்கை. நிறுவனர்களில் ஒருவரான பில் ஹ்யூலெட்டின் சட்டைப் பையில் நுழையவேண்டும் என்பது வடிவமைத்தவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. பத்து இலக்கத்தில் விடை. விலை 395 டாலர். இவ்வளவு விலைக்கு யார் வாங்குவார்கள் என்று சந்தை ஆய்வு கைவிரித்தது. ஆனால் மூன்றரை வருடத்தில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஸ்லைடு ரூலின் கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் 395 டாலர் மாணவன் கையில் இருக்கும் பணமல்ல. அந்த இடைவெளியைப் பார்த்தவர் இங்கிலாந்தின் கிளைவ் சின்க்ளேர். பின்னால் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற மலிவுக் கணினியால் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் நுழைந்தவர். அன்று கேம்பிரிட்ஜ்ஷயரில் செயின்ட் ஐவ்ஸ் என்ற சிறு ஊரில் சின்க்ளேர் ரேடியானிக்ஸ் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். எதையும் சிறியதாகவும் மலிவாகவும் செய்துவிட முடியும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஹெச்பி-35-க்குள் ஐந்து சில்லுகள். நிரல் எழுதி வைக்க 768 கட்டளைகளுக்கு இடம். சின்க்ளேர் கையில் எடுத்ததோ டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் செய்த டிஎம்எஸ்0805 வகை ஒற்றைச் சில்லு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போடும் கடைக் கால்குலேட்டருக்காகச் செய்யப்பட்டது. அதில் 320 கட்டளைகளுக்கு மட்டுமே இடம். இதற்குள் சைன், காஸ், டான், அவற்றின் தலைகீழ்கள், மடக்கை, எதிர்மடக்கை எல்லாம் அடங்கவேண்டும். சில்லைச் செய்தவர்களே இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நைஜல் சேர்ல் என்ற கணிதக்காரர் அடக்கிக் காட்டினார். 1974-இல் சின்க்ளேர் சயின்டிஃபிக் 49.95 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்தது. இரண்டு வருடத்தில், 1976 ஜூலையில், 7 பவுண்டுக்கே கிடைத்தது.

*

எப்படி அடக்கினார் என்பதை 2013-இல் கென் ஷிரிஃப் என்ற பொறியாளர் விளக்கி எழுதினார். சில்லின் உள்ளே எழுதப்பட்டிருந்த 320 கட்டளைகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, அதே மாதிரி இயங்கும் ஒரு பாவனைக் கருவியையும் செய்து வெளியிட்டார். அதன் சாரம் இது.

சைன் என்றால் என்ன? ஒரு அலகு நீளமுள்ள குச்சியைத் தரையில் படுக்க வைத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய கோணம் வரை தூக்குங்கள். மறு நுனியின் உயரம் சைன். தரையில் விழும் நேர்நிழலின் நீளம் காஸ். ஆகவே குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றும் வித்தை தெரிந்தால் போதும்.

ஹெச்பி-35 இதை கார்டிக் என்ற முறையில் செய்தது. ஜாக் வோல்டர் பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கணினிக்காக யோசித்து 1959-இல் வெளியிட்ட முறை அது. முதலில் பெரிய கோணமாகச் சுழற்று, பிறகு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, பிறகு நூறில் ஒரு பங்கு. 1570 ரூபாய் தரவேண்டிய இடத்தில் ஒரு ஆயிரம் ரூபாய், ஐந்து நூறு ரூபாய், ஏழு பத்து ரூபாய்த் தாள்களை எண்ணி வைப்பதுபோல. பதின்மூன்று தாளில் வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு தாளின் மதிப்பையும் கருவிக்குள் எழுதி வைத்திருக்கவேண்டும். அதற்கு இடம் வேண்டும்.

சேர்லிடம் இடம் இல்லை. அவர் எல்லாவற்றையும் ஒரு ரூபாய்ச் சில்லறையில் கொடுத்தார். ஒரே ஒரு கோணம், ரேடியன் அளவில் 0.001. குச்சியை அந்தச் சின்னக் கோணத்துக்கு மறுபடி மறுபடி சுழற்றிக்கொண்டே போவது. ஆயிரத்தில் ஒன்று என்பதால் வகுக்கக்கூட வேண்டாம், இலக்கத்தை மூன்று இடம் நகர்த்தினால் போதும். 90 டிகிரிக்குப் போய்ச் சேர 1570 சுழற்சி. அதனால்தான் சில விடைகளுக்குப் பல விநாடி காத்திருக்கவேண்டியிருந்தது. மடக்கைக்கும் இதே சில்லறை வியாபாரம்தான். 0.99 என்ற ஒற்றை எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவது. 229 தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.1 வரும். எத்தனை தடவை பெருக்கினோம் என்ற எண்ணிக்கையிலிருந்து மடக்கையைக் கறந்துவிடலாம்.

சில்லறை எண்ணுகிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் கடைசி இலக்கத்துக்குப் பின்னால் இருப்பது வெட்டுப்படுகிறது. ஒரு தடவை என்றால் தெரியாது. ஆயிரத்தைந்நூறு தடவை வெட்டினால் தெரியும். திரையில் ஐந்து இலக்கம் மின்னும். அதில் நம்பத்தக்கது சுமார் மூன்று.

செலவு குறைத்த வேறு இடங்களும் இருந்தன. தசமப் புள்ளிக்குப் பொத்தான் இல்லை. முதல் இலக்கத்துக்குப் பின் புள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு, பத்தின் அடுக்கைத் தனியே தட்டவேண்டும். பை என்ற எண்ணை நினைவில் வைக்க இடம் இல்லாததால் 3.14159 என்று கருவியின் முகப்பிலேயே அச்சடித்துவிட்டார்கள். கோணத்தை ரேடியனில்தான் வாங்கிக்கொள்ளும். டிகிரியை மாற்ற 57.29578-ஆல் வகுக்கவேண்டும். அதுவும் முகப்பில் அச்சாகியிருந்தது. நினைவகச் சில்லுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கும் மையும்! எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. அது தவறை ஒப்புக்கொள்ளாது. கூடாத எண்ணைக் கொடுத்தால் 'பிழை' என்று சொல்வதற்கும் சில கட்டளைகள் வேண்டும். அதற்கும் இடம் இல்லை. சுழியத்தால் வகுக்கச் சொன்னால் விடையும் வராது, பிழைச் செய்தியும் வராது, அணைக்கும்வரை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எல்லைக்கு வெளியே உள்ள கோணத்தைக் கொடுத்தால் ஏதோ ஒரு எண்ணைக் கூசாமல் காட்டும். வாங்கியவருக்கு அந்த எல்லை தெரிந்திருந்தால் நல்ல ஸ்லைடு ரூலுக்குச் சமமான கருவி. தெரியாமல் ஐந்து இலக்கத்தையும் எழுதிக்கொண்டால், மூன்று உண்மையும் இரண்டு கற்பனையும்.

*

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மருமகள் இடைமறித்தாள். "அப்ப விலை கூடினது தப்பே பண்ணாதா?"

பண்ணும். ஹெச்பி-35-ஏ பண்ணியது. 2.02 என்ற எண்ணுக்கு இயல் மடக்கை எடுத்து, அதை மறுபடி அடுக்காக ஏற்றினால் 2.02 திரும்ப வரவேண்டும். முதலில் வந்த கருவிகள் 2 என்றன. இரண்டு காசு காணாமல் போய்விட்டது. அது கண்டுபிடிக்கப்பட்டபோது சுமார் 25,000 கருவிகள் விற்றுப் போயிருந்தன. நிறுவனத்துக்குள் என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் வாங்கியவர்களுக்குக் குறையைத் தெரிவித்து, விருப்பமிருந்தால் திருப்பி அனுப்புங்கள், சரியானதைத் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கால்வாசிப் பேர்தான் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் எந்த எண்ணில் பிசகும் என்பதைத் தெரிந்துகொண்டு அதையே பயன்படுத்தினார்கள்.

சோதனையே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. 1970-களில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஹெச்பிக்கு எதிராக ஒரு வித்தையைக் கையில் எடுத்தது. உங்கள் தொலைபேசி எண்ணைத் தட்டுங்கள், மடக்கை எடுங்கள், அடுக்கேற்றுங்கள். எங்கள் கருவியில் உங்கள் எண்ணே திரும்பி வரும், அவர்கள் கருவியில் வராது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அப்போது ஹெச்பிக்கு ஆலோசகராக இருந்தவர் வில்லியம் கஹான். கணினிகள் தசமப் புள்ளி எண்களைக் கையாளும் ஐஇஇஇ 754 என்ற 1985-ஆம் வருடத்துத் தரநிலைக்கு முக்கியக் காரணமானவர், 1989-இல் டியூரிங் விருது பெற்றவர். அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. ஹெச்பி பத்து இலக்கத்தில் கணக்கிட்டுப் பத்தையும் காட்டுகிறது. மற்றது பதின்மூன்றில் கணக்கிட்டுப் பத்தை மட்டும் காட்டுகிறது. பிசகு இரண்டிலும் உண்டு. ஒன்றில் அது முற்றத்தில் கிடக்கிறது, மற்றதில் பரணில் கிடக்கிறது.

ஆனாலும் வாங்குகிறவர்களுக்குப் பரணில் இருப்பதுதான் சௌகரியம். பிறகு வந்த ஹெச்பி கருவிகளும் உள்ளே கூடுதல் இலக்கங்களை வைத்துக்கொண்டு வெளியே பத்தைக் காட்டத் தொடங்கின. இன்று தெருவோரம் விற்கும் கால்குலேட்டரிலும் அந்த ஒளித்துவைத்த இலக்கங்கள் உண்டு. எத்தனை என்று கண்டுபிடிப்பதுதான் அதைச் சோதிப்பதன் பாதி.

*

மலிவான கருவியின் துல்லியத்தை அளந்து பார்த்த ஒரு சம்பவம் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. சின்க்ளேருக்கு 150 வருடம் முன்னால்.

ஜான் வாரன் என்ற அதிகாரி, லாம்டனின் நில அளவைப் பணியில் வேலை பார்த்தவர், சென்னை வானாய்வகப் பொறுப்பிலும் இருந்தவர். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணக்குகளை ஆராய்ந்து அவர் எழுதிய 'கால சங்கலிதா' 1825-இல் சென்னையில் அச்சானது. புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை அவர் சந்தித்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் தாளையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, கூட்டிக் கழித்தார். அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக அவர் மனதில் இருந்தன. எழுத்துக்கு ஒரு எண் என்று கோத்துச் செய்த சொற்கள். அந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள வானியல் கொள்கை அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை என்று வாரன் எழுதுகிறார். கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபவர் 1952-இல் இந்தக் கணக்கை எடுத்துச் சரிபார்த்தார். 1825 மே 31, ஜூன் 1 இரவில் நடந்த கிரகணம் அது. தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

இந்த மூன்று எண்களையும் நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சோழியின் விலை என்ன இருக்கும்? நினைவகம் ஒரு மனிதனின் மண்டை. பல நூறு வருடம் முன்னால் செய்த அட்டவணை. அதைக் கொண்டு கிரகணம் எந்த இரவில், எந்த வேளையில் பிடிக்கும் என்று சொல்லிவிட முடிகிறது. குளித்துத் தர்ப்பணம் செய்யக் காத்திருப்பவருக்குத் தொடக்கத்தில் 4 நிமிடம் முன்பின் என்பது ஒன்றுமே இல்லை. அதே அட்டவணையை வைத்துக் கப்பலின் தீர்க்கரேகையைக் கணக்கிடப் போனால் கப்பல் பாறையில் மோதும். பிசகு அதே பிசகுதான். என்ன வேலைக்கு என்பதுதான் மாறுகிறது.

இங்கேயும் முகப்பில் அச்சடித்த பை போல ஒரு உபாயம் இருக்கிறது. கருவிக்குள் இடமில்லாததை மனிதன் சுமக்கிறான். சின்க்ளேர் கருவியை வைத்திருந்த மாணவன் 57.29578-ஆல் வகுத்ததும், பஞ்சாங்கக்காரர் வாக்கியத்தை முணுமுணுத்ததும் ஒரே வேலை.

*

காப்பி குடித்துவிட்டு நாங்கள் அந்த 160 ரூபாயைச் சோதிக்க உட்கார்ந்தோம். யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை, ஒளிந்திருக்கும் இலக்கங்கள். பை பொத்தானை அழுத்தினால் திரையில் 3.141592654. அதிலிருந்து அதே 3.141592654-ஐக் கையால் தட்டிக் கழியுங்கள். உள்ளே பத்து இலக்கம்தான் என்றால் சுழியம் வரும். எங்களுக்கு மைனஸ் 4.1, பத்தின் மைனஸ் பத்தாம் அடுக்கு என்று வந்தது. அதாவது உள்ளே பை 3.14159265359 ஆக இருக்கிறது. பன்னிரண்டு இலக்கம். 1972-இல் 395 டாலர் கொடுத்தவருக்குத் திரையில் கிடைத்ததைவிட இரண்டு கூட.

இரண்டாவது, கால்குலேட்டர் பைத்தியங்கள் உலகம் முழுக்கச் செய்யும் சோதனை. டிகிரியில் வைத்து 9-க்கு சைன், வந்ததற்கு காஸ், அதற்கு டான். பிறகு வந்த வழியே திரும்பு. டானின் தலைகீழ், காஸின் தலைகீழ், சைனின் தலைகீழ். 9 திரும்ப வரவேண்டும். இதில் கண்ணிவெடி காஸில் இருக்கிறது. சைன் 9 என்பது 0.1564. அவ்வளவு சின்னக் கோணத்துக்கு காஸ் 0.99999627274 என்று வரும். முன்னால் ஐந்து ஒன்பது சும்மா நிற்கின்றன. சேதி எல்லாம் அதற்குப் பின்னால்தான். பத்து இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிச் சேதி அங்கேயே போய்விடும். மற்ற படிகளில் ஒரு பிசகும் இல்லாவிட்டாலும் திரும்பும்போது 9.00005 அளவில்தான் வந்து சேரும். எங்கள் கருவி ஆறாவது தசம இடம் வரை 9 ஆகவே வந்தது. அதற்குப் பிறகுதான் குப்பை.

மூன்றாவது, அந்தத் தொலைபேசி வித்தை. அவளுடைய பத்து இலக்கக் கைபேசி எண்ணைத் தட்டி, மடக்கை எடுத்து, திருப்பினோம். கடைசி இலக்கம் ஒன்று கூடியிருந்தது.

"ராங் நம்பர்" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

நான்காவது, அடைப்புக்குறி. 6÷2(1+2) என்று தட்டினால் சில கால்குலேட்டர்கள் 1 என்கும், சில 9 என்கும். 2-ஐ அடைப்போடு ஒட்டிப் பார்ப்பதா, இடமிருந்து வரிசையாகப் போவதா என்ற வழக்கு அது. நல்ல பெயருள்ள கருவிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெருக்கல் குறியைப் போட்டுத் தட்டு என்று சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்து உடம்புச் சோதனை. மேல்பக்கம் கறுப்பாக ஒரு சோலார் தகடு, பக்கத்தில் இருவழி மின்சாரம் என்று எழுத்து. பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்துவிட்டு, உச்சி விளக்குக்கு நேரே பிடித்தோம். உயிர் இல்லை. மூடியின் உள்பக்கம் பார்த்தால் தகட்டிலிருந்து ஒரு கம்பிகூட எங்கும் போகவில்லை. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். கணக்கில் நேர்மையாக இருந்த சாமான் சட்டையில் பொய் சொல்லியிருந்தது.

கடைசியாக, ஒவ்வொரு பொத்தானையும் இருபது தடவை வேகமாகத் தட்டச் சொன்னேன். மற்றதெல்லாம் சரி. 8 மட்டும் மூன்று தடவை பதிவாகவில்லை. அடியில் உள்ள ரப்பர் சரியாக உட்காரவில்லை. உண்மையான அபாயம் இதுதான் என்று அவளிடம் சொன்னேன். பன்னிரண்டாவது இலக்கத்தில் வரும் பிசகு எந்தக் கட்டடத்தையும் இடிக்காது. 48.5 என்பது 4.5 ஆகப் பதிவானால் மார்க் போகும்.

"அப்ப நம்பலாமா, கூடாதா?"

அவளையே கணக்குப் போடச் சொன்னேன். அந்த 40 மீட்டரை நாடாவால் அளந்தீர்களே, எவ்வளவு துல்லியம்? ஒரு சென்டிமீட்டர் முன்பின். தியோடலைட்டில் படிக்க முடிந்த மிகச் சிறிய கோணம்? 20 விகலை. அந்த 20 விகலை மாறினால் கம்பத்தின் உயரம் எவ்வளவு மாறும்? தட்டிப் பார்த்தாள். 5 மில்லிமீட்டர். நாடாவின் ஒரு சென்டிமீட்டரும் உயரத்தில் 6 மில்லிமீட்டரைத்தான் மாற்றும். ஆக, கம்பத்தின் உயரம் 23.09 என்பதற்கு மேல் எழுதுகிற ஒவ்வொரு இலக்கமும் நாம் அளக்காத இலக்கம். நான்கு இலக்கம் போதும். இவளிடம் பன்னிரண்டு இருக்கிறது. 1974-இன் சின்க்ளேரைக் கொடுத்திருந்தால்கூட 23.1 என்று சொல்லி, ஓரிரண்டு சென்டிமீட்டர் பிசகோடு தப்பித்திருப்பாள்.

இன்னொன்றும் சொன்னேன். 20.38 வந்தபோதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். 45 டிகிரி என்றால் உயரமும் தூரமும் சமம். 30 டிகிரிக்கு டான் 0.577 என்பது எந்தப் பாலிடெக்னிக் பிள்ளைக்கும் தெரியும். 40-இல் பாதி 20, அதற்கு மேல் மூன்று சேர்த்துக்கொள் என்று மனசு சொல்லியிருந்தால், திரையின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன எழுத்தை அவளே பார்த்திருப்பாள். ஸ்லைடு ரூல் காலத்தில் இந்தக் குத்துமதிப்பு எல்லாருக்கும் இருந்தது, ஏனென்றால் ஸ்லைடு ரூல் இலக்கங்களை மட்டும்தான் காட்டும். தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று ஆள்தான் முடிவு செய்யவேண்டும். கருவிக்குள் இலக்கம் கூடக் கூட நாம் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டோம்.

ஒரு சின்னத் தாளை வெட்டி, மூடியின் பின்பக்கம் ஒட்டினாள். 'சைன் 30 பார். 8-ஐ அழுத்தித் தட்டு. பேட்டரி மட்டும்.' முகப்பில் பை அச்சடித்த சின்க்ளேரை நினைத்துக்கொண்டேன். புதிது ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் மாமா, இது எங்க தப்பும்னு தெரிஞ்சுபோச்சு. புதுசு வாங்கினா அதையும் முதல்லேர்ந்து சோதிக்கணும்" என்றாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. ஆசிரியரிடம் கால்குலேட்டரைக் காட்டி, 'ஜி' விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் வாங்கி, டிகிரி, ரேடியன், கிரேடியன் என்று மாற்றி மாற்றி சைன் 30 தட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பில் எல்லாரையும் கால்குலேட்டரை எடுத்து சைன் 30 போடச் சொன்னாராம். இரண்டு பேருக்கு மைனஸ் 0.988 வந்திருக்கிறது. ரேடியன்.

"ரெண்டுமே ரொம்ப விலை கூடினது மாமா" என்றாள்.